டெஸ்ட் லேபில் பிரைவேட் கிளவுட் நெட்வொர்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓப்பன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கிறோம். வருகிறவர்களில் பலர் தியாகராயா கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரி என்று அக்கம்பக்கத்தில் படித்தவர்கள். மற்றவர்கள் டிப்ளமோ முடித்துவிட்டு, துறைமுகத்திலோ மணலி பக்கமோ வேலை பார்த்துக்கொண்டே ஐடி வேலைக்கு வர நினைப்பவர்கள். மென்பொருளை நிறுவும் வேலை எல்லோருக்கும் எப்படியோ முடிந்துவிடுகிறது. சிக்கிக்கொள்வது நெட்வொர்க்கில்தான். திறமைக் குறைவு இதற்குக் காரணம் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு நெட்வொர்க்கைப் பற்றி யோசிக்கிறார்கள், அதுதான் காரணம். எந்தக் கேபிள் எங்கே போகிறது, எந்த முகவரி யாருக்கு என்று முதலிலேயே ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கீழே உள்ள கேள்விகளில் பாதி எழவே எழாது.

ஒரே கணினியில் நாலு விஎம் (மெய்நிகர் கணினி) ஓட்டுவதைத்தான் பிரைவேட் கிளவுட் என்கிறார்களா?

இல்லை. நாலு விஎம்மை நீங்களே கையால் உருவாக்கி, நீங்களே ஐபி போட்டு ஓட்டினால் அது வெறும் விர்ச்சுவலைசேஷன். கிளவுட் என்றால், பயன்படுத்துகிறவர் அட்மினிடம் போய் நிற்காமல் தனக்கு வேண்டிய நெட்வொர்க்கைத் தானே உருவாக்கிக்கொள்ள முடிய வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் 10.0.0.0/24 என்ற அதே முகவரி வரிசையை எடுத்துக்கொண்டாலும் ஒருவருடைய பாக்கெட் இன்னொருவரிடம் போகக் கூடாது. 2010இல் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய ஓப்பன்ஸ்டாக்கில் இந்த வேலையைப் பார்க்கும் பகுதிக்கு நியூட்ரான் என்று பெயர். லேபில் நீங்கள் மல்லுக்கட்டப்போவது பெரும்பாலும் அதனோடுதான்.

எதை நிறுவுவது? டெவ்ஸ்டாக்கா, கோலா-ஆன்சிபிளா, ப்ராக்ஸ்மாக்ஸா?

டெவ்ஸ்டாக், ஓப்பன்ஸ்டாக்கை எழுதுகிறவர்கள் சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் கருவி. ஒரு மாலையில் எழுந்து நிற்கும். ஆனால் கணினியை அணைத்துப் போட்டால் பழையபடி வரும் என்று நம்ப முடியாது. கரண்ட் போய் வரும் வீட்டில் அதை வைத்து மாதக்கணக்கில் படிப்பது கஷ்டம். ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள்.

ப்ராக்ஸ்மாக்ஸ், விஎம்களை ஓட்டி நிர்வகிக்கும் நல்ல மென்பொருள். 8.1 பதிப்பிலிருந்து மென்பொருள்வழி நெட்வொர்க் பகுதியும் கூடவே வருகிறது. நெட்வொர்க்கைப் பிரிக்க உதவும் விலேன், விஎக்ஸ்லேன், இவிபிஎன் முறைகள் எல்லாம் அதிலேயே பழகலாம். வீட்டில் நாலு சர்வீஸ் நிலையாக ஓட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் அதுவே போதும்.

கிளவுட் நெட்வொர்க்கைப் படித்து அதில் வேலைக்குப் போக வேண்டும் என்கிறவர்களுக்கு நான் சொல்வது ஓப்பன்ஸ்டாக்கை நிறுவித் தரும் கோலா-ஆன்சிபிள். ஒவ்வொரு சேவையும் தனித்தனி கன்டெய்னராக ஓடுவதால் எது விழுந்தது என்று பார்ப்பது சுலபம். ஒரே கணினியில் போட 8 ஜிபி ராம், 40 ஜிபி டிஸ்க், இரண்டு நெட்வொர்க் கார்டு என்பது அவர்களே சொல்லும் குறைந்தபட்சம். 16 ஜிபி இருந்தால்தான் மேலே இரண்டு மூன்று விஎம் போட்டு நிம்மதியாக வேலை பார்க்க முடியும்.

அண்ணா, 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் ஒன்றுதான் இருக்கு. நான் காத்திருக்கணுமா?

காத்திருக்கவே வேண்டாம். லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்ற வசதி இருக்கிறது. ஒரு நேம்ஸ்பேஸை ஒரு தனிக் கணினியாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று தனி ஐபி, தனி ரூட்டிங் அட்டவணை, தனி ஃபயர்வால் உண்டு. இரண்டு நேம்ஸ்பேஸ், நடுவே ஒரு பிரிட்ஜ் (மெய்நிகர் ஸ்விட்ச்), அவற்றை இணைக்க வீத் இணைகள் (மெய்நிகர் கேபிள்), அப்புறம் ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் விஎக்ஸ்லேன் டன்னல். இவ்வளவும் 2 ஜிபி ராமில்கூட ஓடும். பழைய ஓவிஎஸ் (ஓப்பன் விஸ்விட்ச்) முறையில் நியூட்ரான் தன் ரவுட்டரையும், ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியையும் இதே நேம்ஸ்பேஸ்களில்தான் ஓட்டுகிறது. இதைக் கையால் ஒரு முறை கட்டியவருக்கு ஓப்பன்ஸ்டாக்கின் உள்ளே என்ன நடக்கிறது என்பது புதிராக இருக்காது. வசதியான கணினி இருப்பவர்களும் இங்கிருந்தே தொடங்குங்கள் என்பேன்.

கணினி வாங்க வேண்டும். என்ன பார்த்து வாங்குவது?

ரிச்சி தெருவில் அலுவலகங்கள் கழித்துவிட்ட டெஸ்க்டாப்கள் கிடைக்கும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்கள் மெட்ரோவில் ஏறினால் மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். கடைக்காரரிடம் பிராசஸரின் வேகத்தைக் கேட்பதற்கு முன்னால் ராம் எவ்வளவு வரை ஏற்றலாம், இரண்டாவது நெட்வொர்க் கார்டு போடக் காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் வசதி இருக்கிறதா என்பதைக் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கூடுதல் கார்டுக்கு இடம் இல்லையென்றால் யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் வைத்துக்கொள்ளலாம். சோதனைக்கு அது தாங்கும். ஸ்விட்ச் வாங்கும்போது மட்டும் கொஞ்சம் கூடக் கொடுத்து விலேன் அமைக்க வசதியுள்ள எட்டு போர்ட் ஸ்விட்சாக வாங்குங்கள். சாதாரண ஸ்விட்சில் விலேனைப் பிரிக்க முடியாது. பின்னால் அதற்காகவே இன்னொன்று வாங்க வேண்டிவரும்.

இரண்டாவது நெட்வொர்க் கார்டு அவசியமா? வைஃபை இருக்கிறதே?

வைஃபை இந்த இடத்தில் உதவாது. கிளவுடின் வெளிப்பக்க இணைப்பு பிரிட்ஜ் வழியாகப் போகிறது. அதாவது உள்ளே இருக்கும் விஎம்களுக்கும் மெய்நிகர் ரவுட்டருக்கும் உரிய மேக் முகவரிகளோடு (கார்டின் அடையாள எண்) ஃபிரேம்கள் அந்தக் கார்டு வழியாக வெளியே வர வேண்டும். வைஃபையில் உங்கள் கணினி எந்த மேக் முகவரியோடு ரவுட்டரில் பதிவானதோ அந்த ஒன்றிலிருந்து வருவதை மட்டும்தான் ரவுட்டர் ஏற்கும். மற்றது எல்லாம் சத்தமில்லாமல் விழுந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் பலர் நாள் கணக்கில் தேடுகிறார்கள்.

ஆகவே கேபிள் போடும் கார்டு இரண்டு. முதல் கார்டில் கணினிக்கு நிலையான ஐபி இருக்கும். நீங்கள் உள்ளே நுழைவதும் சேவைகள் ஒன்றோடொன்று பேசுவதும் அதன் வழியாக. இரண்டாவது கார்டில் ஐபியே போடக் கூடாது. அதை நியூட்ரானிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஐபி போட்டு வைத்த கார்டைத் தூக்கி வெளிப்பக்கப் பிரிட்ஜில் சேர்த்தால் அந்த நொடியே, தொலைவிலிருந்து உள்ளே நுழைய வைத்திருக்கும் உங்கள் எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்துபோகும். மானிட்டரும் கீபோர்டும் எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டியதுதான்.

வீட்டு ரவுட்டரிலேயே நேரடியாக இணைத்துவிடலாமா?

வேண்டாம். கொருக்குப்பேட்டையில் ஒரு மாணவர் வீட்டில் நடந்தது இது. பரிசோதனைக்குப் போட்ட டிஹெச்சிபி சர்வர் வீட்டு நெட்வொர்க்கிலேயே திறந்து கிடந்தது. வீட்டில் உள்ள போன்களும் டிவியும் ஒவ்வொன்றாக மறுபடி இணைந்து முகவரி கேட்கும்போது ரவுட்டரும் பதில் சொல்கிறது, லேபும் பதில் சொல்கிறது. லேபிடம் முகவரி வாங்கியதற்கு இன்டர்நெட் இல்லை. அப்பா போனில் வருகிறது, அம்மா போனில் வரவில்லை, டிவி ஒரு நாள் ஓடுகிறது, ஒரு நாள் ஓடவில்லை. இன்டர்நெட் கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்து அவர்கள் பக்கம் பழுதே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் ஒரு முறை இப்படி ஆனால் லேபையே மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள்.

பழைய ரவுட்டர் ஒன்று இருந்தால் அதை லேபுக்கென்று வைத்துவிடுங்கள். அதன் வான் (இணையப் பக்க) போர்ட்டை வீட்டு ரவுட்டரில் செருகி, லேப் கணினிகள் எல்லாவற்றையும் அதன் பின்னால் மாட்டுங்கள். இரண்டு தடவை நேட் (முகவரி மாற்றம்) ஆகும், பரவாயில்லை. உள்ளிருந்து வெளியே போக அது தடையில்லை. லேபில் வேலை செய்யும்போது லேப்டாப்பை லேப் ரவுட்டரின் வைஃபையில் இணைத்துக்கொண்டால் போதும்.

ஐபி முகவரிகளை எப்படிப் பிரிப்பது?

தனி நெட்வொர்க்குகளுக்கென்று 1996இல் ஒதுக்கியவை மூன்று: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. இவற்றுக்குள்தான் நாம் விளையாட வேண்டும். ஆனால் அதற்குள்ளேயே சில இடங்களை ஏற்கெனவே மற்றவர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 வரிசையில் இருக்கும். கன்டெய்னர் ஓட்டும் டாக்கர் இயல்பாகவே 172.17.0.0/16 எடுத்துக்கொள்ளும். விஎம் ஓட்டும் மென்பொருள்களில் லிப்வெர்ட் 192.168.122.0/24, விர்ச்சுவல்பாக்ஸின் ஹோஸ்ட்-ஒன்லி 192.168.56.0/24. இவற்றைத் தொடாதீர்கள்.

நாங்கள் எல்லோருக்கும் சொல்லும் அமைப்பு இது. லேப் ரவுட்டர் 192.168.50.1. முதல் கணினிக்கு 192.168.50.10, இரண்டாவது வந்தால் 192.168.50.11. லேப்டாப், போன் போன்றவற்றுக்கு ரவுட்டர் தரும் டிஹெச்சிபி வரிசை 100 முதல் 149 வரை. வெளியிலிருந்து ஒரு விஎம்மை அடைய உதவும் ஃப்ளோட்டிங் ஐபிக்கு 150 முதல் 199 வரை. விஎம்கள் இருக்கும் உள் நெட்வொர்க்குகளுக்கு 172.20.1.0/24, 172.20.2.0/24 என்று வரிசையாக. கோலா தன் சேவைகளுக்குப் பொதுவாகக் கேட்கும் விஐபி (மெய்நிகர் ஐபி) முகவரிக்கு 192.168.50.250. அந்த முகவரியை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள்.

டிஹெச்சிபி வரிசையும் ஃப்ளோட்டிங் ஐபி வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஏறினால் என்ன ஆகும்? விஎம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். யாரோ ஒருவர் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் வருவார், ரவுட்டர் அதே முகவரியை அந்தப் போனுக்குக் கொடுக்கும், விஎம் காணாமல் போகும். அவர் கிளம்பியதும் திரும்பி வரும். இந்த மாதிரிப் பழுதைக் கண்டுபிடிக்கப் பொறுமை நிறைய வேண்டும்.

புரொவைடர் நெட்வொர்க், உள் நெட்வொர்க், ஃப்ளோட்டிங் ஐபி: இந்த மூன்றும் எப்போதும் குழம்புகிறது.

ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் உள்ள ஒண்டுக்குடித்தன வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு ஒரே கதவு எண், உள்ளே எட்டுக் குடும்பம். உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடத் தெரு முகவரி தேவையில்லை. அதுதான் உள் நெட்வொர்க். தெரு என்பது புரொவைடர் நெட்வொர்க், அதாவது நிஜக் கேபிளும் நிஜ ரவுட்டரும் இருக்கும் பக்கம். உள்ளிருந்து யார் கடிதம் போட்டாலும் அனுப்புநர் முகவரியாக அந்த ஒரே கதவு எண் போகும். மெய்நிகர் ரவுட்டர் செய்யும் மூல நேட் அதுதான். ஒரு குடும்பத்துக்கு மட்டும் வெளியிலிருந்து நேரடியாகக் கடிதம் வர வேண்டும் என்று தெருவில் தனி எண் வாங்கிக் கொடுத்தால் அது ஃப்ளோட்டிங் ஐபி.

அந்தத் தனி எண் விஎம்முக்குள் எழுதியிருக்காது என்பதையும் கவனியுங்கள். விஎம்முக்குள் போய் ஐபியைப் பார்த்தால் 172.20.1.x மட்டுமே தெரியும். 192.168.50.155 ஏன் காணோம் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அது இருப்பது ரவுட்டரின் நேட் விதியில். வேண்டியபோது ஒரு விஎம்மிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்ட முடிவதும் அதனால்தான்.

விலேனா, விஎக்ஸ்லேனா, ஜெனீவ் டன்னலா?

விலேன் எண்ணுக்கு இருக்கும் இடம் 12 பிட். அதிகபட்சம் 4094 நெட்வொர்க். விஎக்ஸ்லேனில் அது 24 பிட், ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேல். ஆனால் வீட்டு லேபில் பத்தைத் தாண்ட மாட்டீர்கள், எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. ஸ்விட்சைத் தொடாமல் வேலை நடக்க வேண்டும் என்றால் டன்னல் முறை. நிறுவனங்களின் டேட்டா சென்டர் வேலைக்குப் பழக வேண்டும் என்றால் விலேனையும் ஒரு புரொவைடர் நெட்வொர்க்காகச் சேர்த்துப் பாருங்கள். நியூட்ரானுக்குப் பின்னால் ஓவிஎஸ் முறைக்குப் பதில் ஓவிஎன் எடுத்தால் ஜெனீவ் என்ற டன்னல் தானாகவே வரும். இன்று புதிதாகத் தொடங்குபவர் ஓவிஎன் எடுப்பதே சரி.

விஎம் ஓடுகிறது, பிங் வரவில்லை. எங்கே பார்ப்பது?

உள்ளிருந்து வெளியே என்ற வரிசையில் பாருங்கள். வெளியிலிருந்து தொடங்கினால் சுற்றிச் சுற்றி வருவீர்கள்.

விஎம்மின் கன்சோலைத் திறந்து உள்ளே ஐபி வந்திருக்கிறதா பாருங்கள். இதற்கு சிர்ராஸ் என்ற குட்டி இமேஜ் வசதியானது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கன்சோலிலேயே காட்டிவிடும். ஐபி வரவில்லை என்றால் டிஹெச்சிபி பக்கம் பழுது. வந்திருந்தால் அங்கிருந்து 172.20.1.1, அதாவது ரவுட்டரின் உள்பக்கம். பிறகு 192.168.50.1. பிறகு கூகுளின் 8.8.8.8. எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கு முந்தைய கண்ணிதான் குற்றவாளி. 8.8.8.8 வருகிறது, இணையதளப் பெயர் மட்டும் வரவில்லை என்றால் சப்நெட்டில் டிஎன்எஸ் முகவரி கொடுக்க மறந்திருப்பீர்கள்.

உள்ளிருந்து எல்லாம் போகிறது, வெளியிலிருந்து ஃப்ளோட்டிங் ஐபிக்கு மட்டும் பிங் இல்லை என்றால் அநேகமாக விஎம்மின் ஃபயர்வால் விதிகளான செக்யூரிட்டி குரூப். இயல்பான குரூப், வெளியே போவதை விட்டுவிடும். உள்ளே வருவதில் அதே குரூப்பைச் சேர்ந்தவர்களை மட்டும் விடும். பிங்குக்கு ஐசிஎம்பியையும் எஸ்எஸ்ஹெச்சுக்கு டிசிபி 22ஐயும் நீங்கள் திறக்க வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றையும் திறந்துவிடாதீர்கள். எதைத் திறந்ததால் வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும், பழகுவதற்கென்று வைத்த லேபில் பழகாமலே போய்விடுவீர்கள்.

பிங் போகிறது, எஸ்எஸ்ஹெச் மட்டும் அப்படியே நிற்கிறது. ஏன்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. இதற்கு விடை கண்டுபிடித்தவர் பாக்கெட்டை நிஜமாகவே பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம்.

தண்டையார்பேட்டையில் ஒருவர், பெரம்பூரில் ஒருவர். இருவரிடமும் ஆளுக்கொரு கணினி. இரண்டையும் வயர்கார்டு என்ற விபிஎன் வழியாக இணைத்து ஒரே கிளவுடாக ஆக்கினார்கள். இந்த வீட்டு விஎம்மிலிருந்து அந்த வீட்டு விஎம்முக்குப் பிங் அழகாகப் போகிறது. எஸ்எஸ்ஹெச் கொடுத்தால் கர்சர் அப்படியே நிற்கிறது. இணைய முடியவில்லை என்றும் சொல்வதில்லை, கடவுச்சொல்லும் கேட்பதில்லை. சின்னக் கோப்பு போகிறது, பெரிய கோப்பு போவதில்லை.

கணக்கு இப்படி. சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். இதுதான் எம்டியூ. ஜெனீவ் டன்னல் ஒவ்வொரு பாக்கெட்டையும் இன்னொரு உறைக்குள் போடுகிறது. வெளி ஐபி தலைப்பு 20, யுடிபி 8, ஜெனீவ் தலைப்பு 8, ஓவிஎன் சேர்க்கும் தகவல் 8, உள் ஈதர்நெட் தலைப்பு 14. மொத்தம் 58. அதனால்தான் ஓவிஎன் நெட்வொர்க்கில் விஎம்முக்கு 1442 என்று வருகிறது. விஎக்ஸ்லேனில் கூடுதல் 50தான், ஆகவே 1450. நியூட்ரான் இந்தக் கழித்தலைத் தானே செய்து, டிஹெச்சிபி வழியாக விஎம்முக்குச் சொல்லிவிடும்.

ஆனால் நியூட்ரான் கழிக்கத் தொடங்குவது 1500இலிருந்து. அவர்கள் இருவருக்கும் நடுவே இருந்த வயர்கார்டின் இயல்பான எம்டியூ 1420. விஎம் 1442 பைட் பாக்கெட்டை அனுப்ப, அது டன்னலில் 1500 ஆகி, 1420 கொள்ளும் பாதையில் வந்து நின்றுவிட்டது. பிங் பாக்கெட் 84 பைட்தான், அதனால் தாராளமாகப் போனது. எஸ்எஸ்ஹெச்சும் தொடக்கத்தில் சின்னப் பாக்கெட்டுகளோடு இணைந்தது; இரு பக்கமும் சாவி பரிமாறும் கட்டத்தில் பெரிய பாக்கெட் வந்ததும் மாட்டிக்கொண்டது.

சோதிப்பது சுலபம். பிங் கட்டளையில் பாக்கெட்டை உடைக்காதே என்று சொல்லும் தேர்வையும், அளவைச் சொல்லும் தேர்வையும் சேர்த்துக் கொடுங்கள். நீங்கள் கொடுக்கும் அளவோடு தலைப்புகளுக்காக 28 சேரும். எனவே எம்டியூ 1442 என்றால் 1414 போக வேண்டும், 1415 போகக் கூடாது. 1414 போகவில்லை என்றால் நடுவே எங்கோ பாதை குறுகியிருக்கிறது. அளவைக் குறைத்துக்கொண்டே வந்தால் எங்கே போகத் தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். அவர்களுக்கு 1334இல் போனது. 28 சேர்த்தால் 1362. அதோடு 58ஐக் கூட்டினால் 1420. வயர்கார்டு கையும் களவுமாகப் பிடிபட்டது.

தீர்வு: நியூட்ரானின் எம்எல்2 அமைப்புக் கோப்பில் பாத் எம்டியூ என்ற இடத்தில் 1420 என்று எழுதிவிட்டுச் சேவையை மறுபடி தொடங்குவது. முன்பே உருவாக்கிய நெட்வொர்க்குகள் பழைய எண்ணையே வைத்திருக்கும் என்பதால் புதிதாக ஒன்று உருவாக்கிச் சோதித்துப் பாருங்கள். விஎம்முக்குள் டாக்கர் ஓட்டுகிறவர்கள் டாக்கரின் எம்டியூவையும் குறைக்க வேண்டும். அது தானாக 1500 என்றே வைத்துக்கொள்ளும்.

எஸ்எஸ்ஹெச் இணைகிறது, ஆனால் சாவியை ஏற்க மறுக்கிறது.

விஎம்முக்கு உங்கள் பொதுச் சாவி போய்ச் சேரவில்லை. கிளவுட் இமேஜ் எழுந்ததும் 169.254.169.254 என்ற முகவரியில் மெட்டாடேட்டாவை (தன்னைப் பற்றிய விவரங்களை) கேட்டு, அங்கிருந்துதான் சாவியை எடுத்துக்கொள்ளும். கன்சோல் பதிவில் அந்த முகவரியைத் தேடிப் பாருங்கள். திரும்பத் திரும்ப முயன்று தோற்றிருந்தால் பழுது மெட்டாடேட்டா சேவையில். சாவியைக் குறை சொல்ல வேண்டாம். அடுத்து, பயனர் பெயர் சரியா என்று பாருங்கள். உபுண்டு இமேஜுக்கு உபுண்டு, டெபியனுக்கு டெபியன். ரூட் என்று கொடுத்தால் விடாது.

விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஓப்பன்ஸ்டாக் போட்டேன். பாக்கெட் வெளியே போகிறது, பதில் வரவில்லை.

விர்ச்சுவல்பாக்ஸ் அடாப்டரின் அமைப்பில் புராமிஸ்குவஸ் மோட் என்று ஒன்று இருக்கும். அதை எல்லாவற்றையும் அனுமதி என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் தனக்குத் தெரிந்த மேக் முகவரிக்கு வருவதை மட்டும் உள்ளே விட்டு, உங்கள் மெய்நிகர் ரவுட்டருக்கு வரும் பதிலைத் தள்ளிவிடும். கேவிஎம்முக்குள் கேவிஎம் ஓட்டுகிறவர்கள் நெஸ்டட் வசதி இயங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால், விஎம்களை இயக்கும் நோவாவைக் கேவிஎம்மிலிருந்து கியூஇஎம்யூவுக்கு மாற்றினால்தான் விஎம் எழும், அதுவும் ஆமை வேகம்தான்.

விஎம்மில் இன்னொரு ஐபி போட்டேன், வேலை செய்யவில்லை.

போர்ட் செக்யூரிட்டி. நியூட்ரான் கொடுத்த ஐபி, மேக் தவிர வேறு எதன் பேரிலும் விஎம் பேசக் கூடாது என்ற காவல் அது. கீப்அலைவ்டி போல இரண்டு விஎம்முக்குப் பொதுவான முகவரி வேண்டும் என்றால் அந்த முகவரியை அனுமதிக்கப்பட்ட இணைகளில் சேர்த்துவிடுங்கள். காவலையே எடுத்துவிடாதீர்கள்.

வேலைக்குப் போன இடத்திலிருந்து வீட்டு லேபைத் திறக்க முடியுமா?

முதலில் வீட்டு ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து வான் முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் நீங்கள் சிஜிநேட்டின் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன என்று பொருள். அந்த நிலையில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து பிரயோஜனமில்லை. வெளியிலிருந்து வரும் பாக்கெட் உங்கள் ரவுட்டர் வரைக்கும் வராது.

சின்னதாக ஒரு வாடகை சர்வர் எடுத்து, வீட்டிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் அதற்கு வயர்கார்டு போட்டால் நடுவில் அது இணைத்துவிடும். டெயில்ஸ்கேலும் நன்றாக வேலை செய்யும். அது கொடுக்கும் முகவரிகளும் 100.64.0.0/10க்குள்தான் இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எது செய்தாலும் ஓப்பன்ஸ்டாக்கை நிர்வகிக்கும் ஹொரைசன் பக்கத்தையோ அட்மின் கடவுச்சொல்லையோ நேராக இன்டர்நெட்டில் திறந்து வைக்காதீர்கள்.

கரண்ட் போய் வந்தால் என்ன செய்வது?

சர்வரை மட்டும் யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டு ஸ்விட்சையும் ரவுட்டரையும் சாதாரண பிளக்கில் விடாதீர்கள். சர்வர் நிற்காது, நெட்வொர்க் மட்டும் விழும். திரும்ப வரும்போது எது முதலில் எழுந்தது என்பதைப் பொறுத்துப் புதுப் பழுது வரும். வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டுகிறவர்கள் அதில் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அந்தப் பக்கம் தள்ளிவையுங்கள். மாறும் நேரம் குறையும், கணினி மறுபடி தொடங்காது.

கோலாவில் திடீரென்று எல்லாம் அணைந்தால் பெரும்பாலும் அடம்பிடிப்பது மரியாடிபி என்ற தரவுத்தளம். அதற்கென்றே மீட்புக் கட்டளை ஒன்று கோலா-ஆன்சிபிளில் இருக்கிறது. மறுபடி நிறுவ உட்காருவதற்கு முன்னால் அதை ஓட்டிப் பாருங்கள். விஎம்கள் தானாக எழ வேண்டுமென்றால் நோவாவின் அமைப்பில் அதற்கான தேர்வை இயக்க வேண்டும். இயல்பில் அது அணைந்தே இருக்கும்.

தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் பகுதிகளில் தண்ணீர் எப்படி நின்றது என்று பார்த்தவர்கள்தான் நாம். சர்வரையும் யுபிஎஸ்ஸையும் எக்ஸ்டென்ஷன் பலகையையும் தரையில் வைக்காதீர்கள். லாஃப்ட்டுக்குக் கீழே ஒரு அலமாரித் தட்டு போதும். காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடலை ஒட்டி இருப்பவர்கள் கேபிள் முனைகளை அவ்வப்போது கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் உலோக முனை அரிக்கும், கிகாபிட் இணைப்பு சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும்.

இரண்டாவது கணினியைச் சேர்க்கும்போது எதைச் சரிபார்ப்பது?

இரண்டின் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்கு குரோனி. இரண்டிலும் ஒன்றின் பெயர் மற்றதற்குத் தெரிய வேண்டும். ஜெனீவ் என்றால் யுடிபி 6081, விஎக்ஸ்லேன் என்றால் யுடிபி 4789 ஃபயர்வாலில் திறந்திருக்க வேண்டும். டன்னல் முகவரிகளுக்கு நடுவே, உடைக்காத பிங் 1472 அளவில் போய்வர வேண்டும். இரண்டின் பிராசஸரும் வேறு தலைமுறை என்றால் ஓடும் விஎம்மை இடம் மாற்ற முடியாமல் போகலாம். இரண்டுக்கும் பொதுவான பழைய சிபியு மாடலை நோவாவில் குறிப்பிட்டால் சரியாகும்.

அப்புறம் கணினிக்கு ஒன்றாக இரண்டு விஎம் போட்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பிங் ஓடவிடுங்கள். முதல் கணினியில், பாக்கெட்டுகளைப் பார்க்க உதவும் டிசிபிடம்ப்பைத் திறந்து நிஜக் கார்டில் 6081ஐப் பாருங்கள். விநாடிக்கு இரண்டு பாக்கெட் வரும், போனது ஒன்று, வந்தது ஒன்று. பிங் போகிறது, இங்கே ஒன்றுமே வரவில்லை என்றால் இரண்டு விஎம்மும் ஒரே கணினியில் உட்கார்ந்திருக்கின்றன. எந்த விஎம் எந்தக் கணினியில் என்று பார்த்து, ஒன்றை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.